பூசைக்குப் போன பதினெட்டு சைக்கிள்கள்

எங்கள் பொது சைக்கிள் திட்டத்தின் சொத்து இவ்வளவுதான்: போடி ஜீப் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, பதினெட்டு சைக்கிள்கள், காற்றடிக்க ஒரு பம்பு, முன்கோபத்தோடு நான். வாடகை கிடையாது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சாயங்காலம் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், விடிந்ததும் கொட்டகையில் விட்டுவிட்டு ஜீப் ஏறுவார்கள். பகலில் யாருக்குச் சோலியோ அவர்கள் எடுப்பார்கள்.

சைக்கிள்களைக் கொடுத்த மதுரை அறக்கட்டளையிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். வண்டிகள் ஒழுங்காகத் திரும்பி வரவில்லை என்றால் அத்தனையையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். ஆயுத பூஜை லீவில்தான் அவருக்கு நேரம் ஒழிந்தது. "வாங்க சார், அன்னைக்கு ஜீப்பு ஓடாது, யாருக்கும் சோலி இருக்காது, பதினெட்டும் கொட்டகையிலதான் நிக்கும்" என்று பெரிய புத்திசாலி போலச் சொல்லிவிட்டேன்.

அவர் வந்து இறங்கியபோது கொட்டகையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கையில் பிடித்த பம்போடு, ஏழாம் நம்பர் வண்டியை எடுத்துப்போன அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

ஏழாம் நம்பர் நடுவீட்டில் நின்றது. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அரிவாள், ஏலக்காய்க் கூடை, மிக்ஸி.

"யக்கா, வெரசா வண்டியக் குடுங்க!" என்று கத்தினேன்.

"அடப்பாவி, பூசைக்கு வச்சத இன்னைக்கு எடுப்பாகளா? நாளைக்குக் காலையில கொண்டாறேன். எல்லா வீட்லயும் இப்படித்தேன் நிக்கும், போய்ப் பாரு."

வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "இது யார் வண்டிம்மா?"

"என் வண்டி" என்றார் அக்கா, பட்டென்று.

போச்சுடா, திட்டத்துக்குச் சங்கு ஊதியாச்சு என்று நினைத்தேன்.

"இத பகல்ல ஒருத்தி ஓட்டுறாளே, அவளக் கேட்டாலும் இதத்தேன் சொல்லுவா" என்று சொல்லி, எங்கள் இருவர் கையிலும் பொரிகடலையை அள்ளி வைத்தார். அவர் மென்றுகொண்டே, "சரி, காலையில வர்றேன்" என்றார்.

மறுநாள் ஜீப் கிளம்புவதற்கு முன்பே பதினெட்டும் வந்துவிட்டன, மாலையும் பொட்டுமாக. அவர் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கேயே இருக்கட்டும்" என்றார். நான் பம்பை எடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் காற்றடிக்க ஆரம்பித்தேன்.

ஜீப்பில் ஒரு காலை வைத்த அக்கா, என் கையிலிருந்த பம்பைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, அதுக்கு ஒரு பொட்டு வைக்கத் தோணலையா ஒனக்கு?"

தோன்றவில்லை. அதைத் திட்டத்தின் பம்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.