நூறு எண்ணும் திருப்பம்

என் குரலை யாரும் திருடவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால் இந்தக் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். பேகம்பூரில் தோல் கிடங்கில் வேலை பார்க்கிற மனிதர், அதிகம் பேசமாட்டார், பேசினால் சரியாகத்தான் பேசுவார். சரியாக இருப்பதாலேயே அதைக் கேட்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

திண்டுக்கல் மலைக்கோட்டையில் பதினாறு வருடமாகக் கைடாக இருக்கிறேன். புர்காவின் விளிம்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலும் மறு கையில் குடையுமாக அந்தப் பாறையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பொம்பளை கைடா என்று ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. பாதி மலை ஏறியதும் அவர்களுக்குச் சிரிக்க மூச்சு இருக்காது.

பாறை திண்டு போல இருப்பதால் திண்டுக்கல் என்பதைச் சொல்ல ஒரு கைடு தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவரே சொல்லிவிடுவார். பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, வெடிமருந்துக் கிடங்கு எது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. கைடின் வேலை ஆளைப் பார்ப்பது. டிக்கெட் கவுன்ட்டரில் நிற்கும்போதே நான் செருப்பைப் பார்ப்பேன், முழங்காலைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு, இந்தக் கூட்டத்தில் யார் யாருக்கு முன்னால் தன்னைப் பலசாலியாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பார்ப்பேன். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். புதிதாகக் கல்யாணம் ஆன மகளும் மருமகனும் கூட. வெயில் ஏறிவிட்ட நேரம். பாறை பாதி தாண்டியதும் அவர் உதடு வெளுத்தது. "ஐயா, செத்த நேரம் உக்காந்துட்டுப் போவமா?" என்றேன். அவர் மருமகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கு என்னங்க? தெனம் தென்னந்தோப்பு முழுக்க நடக்கறவனுங்க நானு" என்றார். இன்னும் பத்துப் படி ஏறினார். பிறகு உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத்தான் கீழே இறக்கினோம். உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் என்னிடம், "ஏனுங்க, நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாமுங்களே" என்று கேட்டாள். சொன்னேன் அம்மா, உன் புருஷன் காதில் விழும்படி சொன்னேன், அதுதான் தப்பு என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதற்கு அடுத்த வாரமே அந்தப் பொய்யை உண்டாக்கினேன். படிகள் செங்குத்தாக ஏறி ஓரிடத்தில் திரும்பும். அங்கே கூட்டத்தை நிறுத்துவேன். "அந்தக் காலத்தில் இந்தத் திருப்பத்தில் ஒரு காவல்காரன் நிற்பான். மூச்சிரைக்க வருகிறவன் எதிரி, அடித்துப் பிடித்து ஏறி வருகிறான் என்று அர்த்தம், உடனே ஈட்டி பாயும். நம் ஆட்களுக்கு மட்டும் ரகசியம் தெரியும். இங்கே நின்று மனசுக்குள் நூறு எண்ணி, மூச்சு அடங்கிய பிறகுதான் காவல்காரன் முன்னால் போவார்கள். வாங்க, நாமும் எண்ணுவோம்" என்பேன். பிள்ளைகள் உரக்க எண்ணும். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள். எந்த மாமனாரும் எந்த மருமகன் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை, கோட்டைச் சட்டம் அப்படி. நூறு முடிவதற்குள் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிடுவேன். யாருக்காவது நிறம் திரும்பவில்லை என்றால், காவல்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இன்னொரு நூறு என்பேன்.

அந்தப் பாறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எதிரே இறங்கி வந்தால், "ஆமா, எங்க வீட்லயும் சொல்லுவாக" என்று சாட்சி சொல்லிவிட்டுத்தான் கடந்து போக வேண்டும். ஒருவர் கதையை ஒருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது. கொஞ்ச நாளில் நாலு பேருமே அந்தத் திருப்பத்தில் நூறு எண்ண வைத்தோம். பதினாலு வருடத்தில் ஒருத்தரைக்கூடத் தூக்கிக்கொண்டு இறங்கவில்லை.

போன வருடம், எங்களுக்குக் கூட்டம் அனுப்புகிற சுற்றுலா நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஏஐ கைடு ஒன்று தயாரிக்கிறார்களாம். போனை நீட்டினால் பேசும், கேட்டதற்கு எல்லாம் பதில் சொல்லும். "உங்க குரல்தான்க்கா வேணும். உங்கள மாதிரி யாரும் சொல்றதில்ல" என்றாள். எனக்கு மிதப்பு. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, மிதப்புத்தான். மூன்று நாள் ஒரு மூடிய அறையில் உட்கார்ந்து, பாறையில் சொல்வதை எல்லாம் மைக்கில் சொன்னேன். அவர்கள் அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, எது உண்மை, எது கதை என்று குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அங்கேதான் நான் சறுக்கினேன். மலைமேல் நின்று சொல்வது வேறு. காற்றில் போய்விடும், கேட்கிறவனுக்கும் பாதி தெரியும். காகிதத்தில் உண்மை என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது வேறு. நாளைக்கு அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். காவல்காரன் கதைக்குப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். அது எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தொழில் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிற பழக்கம், அந்த நேரம் பார்த்துக் குறுக்கே வந்தது.

அடுத்த சீசனில் எங்களுக்குக் கூட்டம் வருவது நின்றுபோனது. கொடைக்கானல் போகிற வேன்கள் வழக்கம்போல வந்து நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், போனைத் தட்டிப் பேசவிட்டுக்கொண்டு நேராக ஏறினார்கள். நாலு பேரில் ஒருவர் கொடைரோடு ஸ்டேஷனில் டாக்ஸி ஓட்டப் போனார். ஒருவர் சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சுங்குடிச் சேலைக் கடையில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாமவர் மகன் வீட்டோடு போய்விட்டார். நான் மட்டும் வாசலில் நின்று, என் குரல் மற்றவர்கள் பாக்கெட்டிலிருந்து பேசுவதைக் கேட்டேன். அது இந்தி பேசியது. பெங்காலி பேசியது. எனக்கு இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. சளி பிடிக்காத, தொண்டை கட்டாத, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழாத ஒரு நான். அதைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல இருந்தது, ஆனால் எங்கே அறைவது?

வேலை போனதற்கு அழுதேன், அது வேறு கணக்கு. கூட்டம் அந்தத் திருப்பத்தில் நிற்காமல் போவதைப் பார்த்த அன்றுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. நிறுவனத்துப் பெண்ணுக்குப் போன் போட்டு, அந்தக் கதையைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன்.

"நீங்கதானக்கா அது பொய்னு குறிச்சுக் குடுத்தீங்க? சரிபார்க்காத தகவல் எதையும் அது சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கோம்" என்றாள்.

"அது தகவல் இல்லம்மா. ஆளுங்கள நிப்பாட்டுறதுக்கு."

"ஓ, அதுக்கா? அப்ப ஓய்வு எடுத்துக்கோங்கன்னு ஒரு வரி சேத்துருவோம். சிம்பிள்க்கா."

சேர்த்தார்கள், ஒரே நாளில். இப்போது திருப்பம் வந்ததும் என் குரல், "இங்கே இரண்டு நிமிடம் ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது" என்று தேன் ஒழுகச் சொல்கிறது. அதைக் கேட்டு நின்ற ஆம்பளை ஒருவனை நான் பார்க்கவில்லை. எவன் நிற்பான்? ஓய்வு எடு என்றால் உனக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். தோட்டக்காரரிடம் நான் செய்த அதே தப்பை, என் தொண்டையை வைத்தே, ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் செய்துகொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் புரிந்துகொள்ள அந்த அலுவலகத்தில் மலை ஏறியவர் ஒருவர் இல்லை.

போன மாதம் ஒரு காலையில் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒரே ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆன நண்பர்கள். அதில் பருமனாக இருந்தவர் டிக்கெட் எடுக்கும்போதே இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்ற இரண்டு பேரும் "யார் முதல்ல மேல போறான்னு பாப்போம்" என்று அவரைக் கிண்டிவிட்டார்கள். என் கண்ணுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறினேன்.

திருப்பத்தில் என் குரல் ஓய்வெடுக்கச் சொன்னது. "என்னப்பா, ரெஸ்ட் வேணுமாம் உனக்கு" என்று ஒருவர் சிரித்தார். "யாருக்கு? எனக்கா?" என்று இவர் அடுத்த படியில் காலை வைத்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் ஓரமாக ஓடி ஏறி, குடையைக் குறுக்கே நீட்டி வழியை மறித்தேன்.

"ஐயா, இந்த எடத்துல அப்படியே போகக் கூடாது. அந்தக் காலத்துல இங்க ஒரு காவக்காரன் நின்னான்" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னேன். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். பருமனானவர் போனை எடுத்தார். அதனிடம் கேட்டார். என் குரல், என்னை விடத் தெளிவாக, "அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. இது சில கைடுகள் சொல்லும் கற்பனையாக இருக்கலாம்" என்றது.

ஆமா என்று சாட்சி சொல்ல எதிரே யாரும் இறங்கி வரவில்லை.

"கேட்டியாம்மா? இத நம்ப வேற ஆளப் பாரு" என்றார் அவர். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஆனாலும் எண்ண ஆரம்பித்தேன், மனசுக்குள்.

"ஒங்க போனுக்கு என்னங்கய்யா தெரியும்? நான் இந்த ஊர்க்காரி" என்றேன், வேண்டுமென்றே. அவருக்குக் கோபம் வந்தது. வெளியூர்க்காரன் என்றால் இளிச்சவாயனா என்றார். பத்தொன்பது, இருபது. படித்தவர்களிடம் இந்த ஏமாற்று வேலை செல்லாது என்றார். எந்தப் படிப்புங்கய்யா என்று கேட்டேன். அதற்கு விரிவாகப் பதில் சொன்னார். ஐம்பது வரும்போது, திட்டுகிற சுகத்தில், தானாகவே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். எழுபதில் புகார் கொடுப்பேன் என்றார். என் பேரை எழுதிக்கோங்க என்று நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தொண்ணூறில் உதட்டுக்கு நிறம் வந்துவிட்டது. நூறு.

குடையை மடக்கி விலகினேன். "பொய்தாங்கய்யா. போயிட்டு வாங்க" என்றேன்.

"அப்படி ஒத்துக்க" என்று சொல்லிவிட்டு, நிதானமான மூச்சோடு படி ஏறினார். அவர் பாக்கெட்டிலிருந்து என் குரல், சரிபார்த்துக் கேட்டதற்கு அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். எனக்கு மூச்சு இரைத்தது. ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினேன். அடங்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.