வளராத மஞ்சள் தொப்பி

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் போடக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். யாராவது தள்ளினால் அது கிறீச்சென்று கத்த வேண்டும். கத்தினால் நான், "அப்பா, ஆளு வருது" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அப்பா மடியிலிருக்கிற ஊசியையும் உல்லன் நூலையும் அம்மாவிடம் நீட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி, காலையிலிருந்து அதே வேலையாக உட்கார்ந்திருப்பவள் மாதிரி முகத்தை மாற்றிக்கொள்வாள். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்குப் பள்ளிக்கூட நாடகத்தைவிட இது பிடித்திருந்தது. முதல் வசனம் என்னுடையதாயிற்றே.

விஷயம் இவ்வளவுதான். கைக்குழந்தைத் தொப்பி, காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் எங்கள் வீட்டில் பின்னியது அப்பா. பின்னுவது தான்தான் என்று ஊருக்குச் சொன்னது அம்மா. அப்பா சின்ன வயதில் கோத்தகிரியில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவர். அந்தக் குளிருக்கு அவனவன் ஸ்வெட்டரை அவனவனே பின்னிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். பிறகு கோயமுத்தூர் மில்லில் சேர்ந்து, கல்யாணமாகி, நானும் பிறந்து, அவர் பின்னுவதையே மறந்து போயிருந்தார். மில்லை மூடினார்கள். சும்மா இருக்க மாட்டாத கை பழைய வேலையைத் தேடிக்கொண்டது.

ஒரு நாள் பெரியப்பா வந்து பார்த்துவிட்டார். அவரும் அதே மில்லில் இருந்தவர்தான். வாசலில் நின்றபடியே, "எந்தம்பிக்கு இனி வளையல் ஒண்ணுதான் பாக்கி" என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். அம்மா மூடிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கேட்டுக்கு எண்ணெய் போடுவது அன்றோடு நின்றது. இந்த ஏற்பாடு அப்பாவுக்குச் சம்மதமா என்று அவரிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் கைவினைச் சந்தை போட்டார்கள். அம்மா ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தாள். பொங்கல் கழிந்ததும் அப்பா பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போவதாகப் பேச்சு இருந்தது. நாலு கடைக்காரர்கள் நம் சரக்கைப் பார்த்து வாடிக்கையாகக் கேட்டுவிட்டால் அவர் போக வேண்டியதில்லை என்பது அம்மாவின் கணக்கு. ராத்திரி ஜெபத்திலேயே அதைச் சேர்த்திருந்தாள்.

காலையில் அப்பா எங்களையும் மூட்டைகளையும் மொபெட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் வாரேன் என்று கிளம்பிவிட்டார். அவர் போன பிறகுதான் வாசலில் கட்டியிருந்த பேனரைப் படித்தோம். கையால் செய்தது மட்டுமே விற்க வேண்டும். செய்தவரே விற்க வேண்டும். செய்கிற விதத்தை வருகிறவர்களுக்குக் காட்டவும் வேண்டும். பக்கத்தில் குயவர் ஒருவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்க் கடைச் சென்னிமலைக்காரர் சின்னத் தறி ஒன்றைப் பூட்டி, சடக் சடக்கென்று நெய்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஊசியைப் பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

அப்பா பாதி பின்னி வைத்திருந்த மஞ்சள் தொப்பி ஒன்று பைக்குள் இருந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, நூல் கண்ணிகளைத் தொடாமல் ஊசி முனைகளை மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாள். எட்ட நின்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. யாராவது கிட்டே வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சாமானைக் காட்ட எழுந்துவிடுவாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அம்மாவின் மடியில் ஒரு கைக்குழந்தைத் தொப்பிதான் இருந்தது. அதுவே போதுமான கனமாக இருந்தது.

பத்துப் பத்தரை மணிக்குக் குன்னூர்க்கார அம்மா ஒருவர் வந்தார். அங்கே வெளியூர்க்காரர்கள் வந்து போகும் இடத்தில் கடை வைத்திருக்கிறாராம். ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, நூலை முடிந்திருக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தார். எல்லாம் நீங்கள் போட்டதா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். சரக்கு இப்படியே இருந்தால் வருஷம் பூராவும் எடுத்துக்கொள்கிறேன், சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்று கடை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அட்டையை பைபிளில் வைப்பது மாதிரி பர்ஸுக்குள் வைத்தாள். பிறகு ஊசிகளை இன்னும் வேகமாக உரசினாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு குன்னூர்க்கார அம்மா இரண்டு கடை தள்ளித் திரும்பி வருவது தெரிந்தது. பழக்க தோஷத்தில் நான், "ஆளு வருது" என்றேன். இங்கே அம்மாவிடமிருந்து ஊசியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அவர் இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். பேரம் பேசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில நான் வந்தப்பவும் இந்தத் தொப்பி இத்தனைதானுங்களே இருந்துச்சு?"

ஆள் வந்து வந்து போனதில் பின்ன முடியவில்லை என்று அம்மா ஏதோ சொன்னாள். அதனாலென்ன, இப்போது ஒரு வரிசை போட்டுக் காட்டுங்கள், உங்கள் கை எப்படி என்று பார்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். குரலில் சண்டை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மா ஊசியைக் கண்ணிக்குள் விட்டாள். நூலைச் சுற்றினாள். இழுத்தாள். ஒரு கண்ணி நழுவியது. அதைப் பிடிக்கப் போய் இன்னொன்றும் நழுவியது. அப்பா காலையில் அடுக்கி வைத்த மஞ்சள் வரிசையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு பிரிந்துகொண்டே இறங்கியது. எதிரில் தறிச் சத்தம் நின்றது. குயவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் திருப்பூர் மெஷின் சரக்குங்களா, அம்மணி?"

அம்மா நழுவின கண்ணியையே தேடிக்கொண்டிருந்தாள்.

"வேற யாராச்சும் போட்டதுன்னாலும் பரவாயில்லீங்க. யாருன்னு சொல்லுங்க, போதும்."

எனக்கு உயிர் வந்தது. இதைவிட லேசான கேள்வி உண்டா? வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அம்மாவின் கால் என் பாதத்தை அழுத்தியது. அவள் அவ்வளவு பலமாக என்னை அடித்ததுகூட இல்லை.

"திருப்பூர்ச் சரக்குத்தானுங்க" என்றாள் அம்மா. "கம்பெனியில வாங்கியாந்ததுங்க."

அந்த அம்மா கையிலிருந்த ஸ்வெட்டரை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் சந்தை நடத்துகிற பெண் ஒருத்தி கழுத்தில் அட்டை தொங்க வந்து, கடையைக் காலி செய்யச் சொன்னாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். திருப்பூரில் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு வந்து இங்கே கைவேலை என்று ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு தாத்தா தன் பேத்திக்கு விளக்கினார். பேத்தி என் வயதுதான். என்னையே பார்த்தாள்.

பொய் சொல்லுகிறவர்கள் தப்பிக்கத்தான் சொல்லுவார்கள். மாட்டிக்கொள்வதற்காகப் பொய் சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஞாயிறு பள்ளியில் இதற்கு எந்த வசனமும் சொல்லித் தரவில்லை. அம்மாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா நழுவின கண்ணிகளை விரலால் அழுத்திப் பிடித்தபடி, பிரிவது அங்கேயே நிற்கட்டும் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்பா வந்தார். மூட்டையைப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மொபெட்டில் கட்டினார்.

பாதி வழியில், மூடிப் போன மில்லுக்கு எதிரில் இருக்கிற பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். மில் மூடினாலும் மில்காரர்கள் சாயங்காலம் அங்கேதான் கூடுவார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு, இப்போ சொல்லு என்றார். அம்மா தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா கேட்ட கடைசிக் கேள்வியையும் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரர்தான் போட்டாருன்னு சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் அப்பா.

"எனக்கு வாய் வரலீங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பையில் கை விட்டு மஞ்சள் தொப்பியை எடுத்தார். நழுவின கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஊசியில் ஏற்றினார். நாலு பேர் இருக்கிற இடத்தில், தேங்காய் பன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பின்ன ஆரம்பித்தார். பக்கத்து பெஞ்சில் பேச்சு நின்றது.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போயிப் போட்டுக்கலாமுங்க" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"தொப்பி காலையிலிருந்து வளரவே இல்லையாமா, அம்மணி. வளர்த்துனாத்தான் நாளைக்கு நானே குன்னூருக்குக் கொண்டுபோயிக் காட்ட முடியும். அந்த அட்டையை எடு."

அம்மா பர்ஸைத் திறந்தாள். அட்டையைக் கொடுத்துவிட்டு, தரையில் உருளப் போன நூல்கண்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வேண்டிய அளவு நூலை விட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது டீயின் ஆவியால் என்று நினைத்தேன்.

எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாமலிருக்கப் பாவாடையை விரித்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் பெரியப்பா. நேராக எங்கள் பெஞ்சைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தார்.

"அப்பா, ஆளு வருது" என்றேன்.

ஊசிகள் நிற்கவில்லை. அம்மாவும் கையை நீட்டவில்லை. இரண்டு பேருக்கும் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் கிட்டே போய், உரக்க இன்னொரு தடவை சொன்னேன்.