கட் இல்லாத வீடியோ

இது கதை இல்லை. நடந்தது. அந்த வீடியோ இப்போதும் என் போனில் இருக்கிறது. ஒன்பது நிமிடம் நாற்பத்திரண்டு வினாடி. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. இருந்த தெம்பையெல்லாம் அந்தப் பெட்டிக் கம்பெனியின் கஸ்டமர் கேர் உறிஞ்சிவிட்டது.

என் பெயர் பாஸிலா. திண்டுக்கல் பேகம்பூரில் வீடு. ஜப்பான், கொரியா சாமான்கள் என்றால் எனக்கு உயிர். மாதம் ஒரு பெட்டி வீடு தேடி வரும்படி ஒரு வருடச் சந்தா கட்டியிருந்தேன். மிட்டாய், தேயிலை, பொம்மை, காகித விசிறி என்று உள்ளே ஏழு சாமான் இருக்கும். என்னென்ன என்று எழுதிய பட்டியல் அட்டையும் இருக்கும். மாடி அறையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வீடியோ போடுவேன். அதையும் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள்.

ஜனவரிப் பெட்டியில் மரச் சீப்பைக் காணோம். பட்டியலில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. கம்பெனியில் கேட்டேன். பிரிக்கிற வீடியோவில் கட் இருக்கிறது, ஏற்க முடியாது என்றார்கள். பிப்ரவரியில் கைக்கண்ணாடியைக் காணோம். இந்த முறை கட் செய்யாமல்தான் எடுத்திருந்தேன். பெட்டி இரண்டு வினாடி ஃபிரேமை விட்டு வெளியே போய்விட்டதாம். மார்ச்சில் பட்டு ரிப்பன். டேப் ஒட்டிய இடத்தை நாலு பக்கமும் காட்டவில்லையாம். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

கம்பெனி மேல் இருந்த கடுப்பு மெல்ல வீட்டுக்குள் திரும்பியது. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். மிட்டாய் குறையவில்லை. தேயிலை குறையவில்லை. பெண்கள் சிங்காரிக்கிற சாமான் மட்டும் குறைகிறது. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பெட்டியை வாங்கி வைப்பது ஹுஸ்னா மதினி. என் அண்ணன் ஃபாரிஸைக் கட்டி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அண்ணன் ஓசூரில் வேலையில் இருந்தான்.

ஒருநாள் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். "மதினி, மறைக்காமச் சொல்லுங்க. பெட்டியப் பிரிச்சு நீங்கதான எடுக்குறீங்க?"

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அல்லா மேல சத்தியமா நான் தொடல பாஸிலா."

அன்று சாயங்காலமே பையில் துணி எடுத்து வைத்தாள். செம்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு. திருடி என்ற பெயரோடு போனால் திரும்பி வருவாளா? அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"வந்த புள்ளைய வெரட்டிட்டு நீ பெட்டியக் கட்டிக்கிட்டு அழு," என்று அம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

வழி சொன்னவளும் ஹுஸ்னாதான். "அடுத்த பெட்டிய உன் கையால வாங்கு. நிறுத்தாம வீடியோ எடு. நான் மாமிகூட அடுப்படியிலயே இருக்கேன். அப்பவும் கொறஞ்சா என் மேல பழி இல்லைல?"

சரி என்றேன். பை கட்டினபடியே அவள் அறைக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை. பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மதியம் 2:30-க்குப் பெட்டி வந்தது. கூரியர்காரர் கையிலிருந்து நானே வாங்கினேன். நேராக மாடிக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டேன். அறையில் நான் மட்டும்தான். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

2:38. ரெக்கார்டை அழுத்தினேன். டேப்பை நாலு பக்கமும் காட்டினேன். மார்ச் மாதக் கடுப்பில் அடிப்பக்கத்தையும் காட்டினேன்.

போனின் ஃபோகஸ் என் முகத்தில் நிற்கவில்லை. இடது பக்கமே போனது. அங்கே வெறும் சுவர்தான். கையை நீட்டி, திரையைத் தட்டி, என் முகத்துக்குக் கொண்டு வந்தேன். மறுபடியும் இடது பக்கம். "ச்சை!" என்றேன். வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஃபேன் இல்லாமல் கழுத்தெல்லாம் வேர்வை. ஆனால் இடது கை மட்டும் சில்லென்று இருந்தது. பக்கத்தில் யாரோ ஃபிரிட்ஜைத் திறந்து வைத்த மாதிரி.

டிஷ்யூ தாளை எடுத்து ஓரமாக வைத்தேன். சரசர... சரசர...

கையை எடுத்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

எலி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்கினேன். மூன்று... நான்கு... ஐந்து... ஆறு.

பெட்டியைக் கவிழ்த்தேன்.

ஒன்றும் விழவில்லை.

ஏழாவதாக எழுதியிருந்தது கொண்டையில் செருகும் பித்தளை ஊசி. அது இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கம்பெனிக்காரன் மாட்டிக்கொண்டான்! கீழே ஓடினேன். அடுப்படியில் ஹுஸ்னா அம்மாவோடு உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க மதினி. கம்பெனியிலயேதான் கொறையுது."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கே பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் அடுக்கினாள். 3:20-க்கு வீடியோவைக் கம்பெனிக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை 11:06-க்குப் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. வீடியோவில் 4 நிமிடம் 17 வினாடியில் அந்தப் பொருள் தெளிவாகத் தெரிகிறது. தயவுசெய்து உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரிடம் கேட்டுப் பார்க்கவும்.

இரண்டு முறை படித்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலை சுற்றியது. அம்மாவிடமும் ஹுஸ்னாவிடமும் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். திரும்பத் திரும்ப, ஐந்து முறை. என்னைத் தவிர யாருமே இல்லை.

"இவ அன்னைக்கு என்கூடத்தான இருந்தா," என்றாள் அம்மா, ஹுஸ்னாவைக் காட்டி. "எவன் கண்ணு அவிஞ்சுபோச்சு?"

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். பதினான்கு நிமிடம் பாட்டு ஓடியது. பிறகு தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தார்.

"என்ன மேடம் வெளையாடுறீங்களா? நான் தனியாத்தான் இருந்தேன்."

"இல்ல மேடம். உங்க பக்கத்துல ஒரு லேடி இருக்காங்க."

"எந்த லேடி?"

"எங்க டீம்ல நாலு பேர் பாத்தோம் மேடம். தலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருக்காங்க. கேமராவப் பாக்கவே இல்ல. உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"சரி... அப்ப அந்தப் பொம்பளதான் ஊசியத் திருடினாளா?" வேண்டுமென்றே நக்கலாகக் கேட்டேன்.

"திருடலயே மேடம்..."

"பின்ன?"

"நீங்கதான் எடுத்து அவங்க கையில கொடுக்குறீங்க. சிரிச்சுக்கிட்டே."

போனை வைத்துவிட்டேன்.

மறுபடி வீடியோவைப் போட்டோம்.

4:15... 4:16...

4:17. என் இடது கை பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. மூடியிருக்கிறது. பக்கவாட்டில் நீள்கிறது. மெதுவாக விரிகிறது. வெறுங்கையாகத் திரும்பி வருகிறது. என் முகத்தில் சிரிப்பு. ரொம்ப நாள் பழகிய ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

ஐந்து முறை பார்த்தும் நாங்கள் என் கையைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் யார் என்று மட்டும்தான் தேடினோம்.

அப்படிக் கையை நீட்டியது எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை.

ஹுஸ்னா எழுந்தாள். பையைத் தேடவில்லை. துணியை எடுக்கவில்லை. செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள்.

"மதினி, நீங்க எடுக்கலன்னுதான் தெரிஞ்சுபோச்சே... இனி ஏன் போறீங்க?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமி, நீங்களும் என்கூட வந்துருங்க," என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். உள்ளே போய் புர்காவை எடுத்து வந்தாள்.