துரை சொன்ன ட்ரிப்

அரைகுறை இங்கிலீஷை வைத்துக்கொண்டு இன்று நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

காலையில் தோட்டத்து ஸ்டோரில் அரிசி அளந்துகொண்டிருந்தேன். தமிழ் இன்னும் வராத சின்ன துரை வந்தார். பகாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டெலிபோன் வந்ததாம். அங்கேதான் என் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"யுவர் டாட்டர் ட்ரிப்ட்" என்றார்.

லாரி எத்தனை ட்ரிப் போனது என்று தினமும் எழுதுகிறவன் நான். எனக்கா தெரியாது? மகள் புறப்பட்டுவிட்டாள்!

"வெரி குட் சார், தேங்க் யூ!" என்று பல்லெல்லாம் காட்டினேன். துரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் கல்யாணமாகிப் போன பிறகு என் வீட்டில் இரண்டாவது தட்டுக்கு வேலையே இல்லை. இன்று எடுத்துக் கழுவினேன். கோழிக் குழம்பு வைத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் யார் யாரோ இறங்கினார்கள்.

சாயங்காலம் அந்த வழியாக வந்த ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம், மகளுக்காகக் காத்திருப்பதைச் சொன்னேன்.

"ஐயையோ, அது அந்த ட்ரிப் இல்லண்ணே! பாப்பா கால் தடுக்கி விழுந்துடுச்சாம் லா. பயப்படாதீங்க, சுளுக்குதான். மக விழுந்ததுக்கா வெரி குட் சொன்னீங்க? இவன் என்ன தகப்பன்னு துரை காலையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்காரு!"

நாளை முதல் பஸ்ஸில் நானே அவளைப் பார்க்கப் போகிறேன். அதற்கும் ட்ரிப் என்றுதான் பெயராம்.

இங்கிலீஷ் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்: வராத ஆளுக்காக ஒருவன் பொழுதெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கும் இதே சொல்தானா?