மகரந்தம் என்றால் தேன்தானே?

விவசாயப் போதனாசிரியராக அச்சுவேலிப் பக்கம் நான் நடத்திய முதலாவது வகுப்பு நன்றாக நடந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கிழமை கழித்து, வகுப்புக்கு வந்திருந்த பொன்னுத்துரை அண்ணை நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தார்.

"பிள்ளை, நீங்கள் சொன்னபடிதான் செய்தனான். தோட்டம் முழுக்க எறும்பு!"

அவருடைய பூசணிக் கொடியில் பூ நிறைய இருந்தது. பிஞ்சுகள் மட்டும் மஞ்சளாகி விழுந்தன. தேனீ குறைந்தால் அப்படித்தான். அதற்காகத்தான் தேனீயின் வேலையைக் கையால் செய்யும் 'ஹாண்ட் பொலினேஷன்' படிப்பித்தேன். 'காலமை பெண் பூவுக்குள் மகரந்தம் தடவவும்' என்று எல்லாரையும் கொப்பியில் எழுதவும் வைத்தேன்.

"என்னத்தைத் தடவினீங்கள் அண்ணை?"

"மகரந்தம்தான். ஒரு போத்தல் நல்ல தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்தது.

"கோயிலிலை புராணத்துக்குப் பொருள் சொல்லுறவன் நான். மகரந்தம் எண்டா பூந்தேன்!"

அகராதியை எடுத்துப் பார்த்தேன். தேன் என்றும் இருந்தது, நான் நினைத்த பூந்தாது என்றும் இருந்தது. அவர் சொன்னதும் சரிதான். என் முகம்தான் சுருங்கிப்போனது.

"நாளைக்குக் கொடியைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம் நடப்போறன்" என்றார்.

"ஒரு காலமை மட்டும் பொறுங்கோ அண்ணை. நானே வாறன்."

விடிந்ததும் போனேன். அவருடைய மனைவி இராசம்மா அக்காவும் தோட்டத்தில் நின்றார்.

"தேன் இல்லையெண்டா வேறை என்னத்தைப் பிள்ளை தடவுறது?"

"பொலன் அக்கா, ஆண் பூவுக்குள்ளை இருக்கிறது. அது லத்தீன் சொல்லு. அரிச்ச மாவைத்தான் முந்தி லத்தீன் பேசின ஆக்கள் அப்பிடிச் சொன்னவை." வரும் முன்னர்தான் போனில் தேடிப் பார்த்திருந்தேன்.

அக்கா ஆண் பூவுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரல் மஞ்சளானது.

"அட, அரிதட்டிலை அரிச்ச மா மாதிரியே கிடக்கு! மா எண்டு சொல்லியிருந்தா இந்த மனிசன் என்ரை தேன் போத்தலிலை கை வைச்சிருக்குமே?"

முதலில் சிரித்தது அண்ணைதான். பிறகு ஆண் பூவைப் பிடுங்கி, இதழ்களை உரித்து, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் எப்படித் தடவுவது என்று காட்டினேன். புராணத்துக்குப் பொருள் சொல்லும் அதே குரலில், "இந்தா அம்மா, உனக்கும் மா" என்று பூவுக்குப் பூ சொல்லிக்கொண்டு அவர் தடவினார்.

கந்தோருக்குத் திரும்பி மேலதிகாரியிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "கொப்பியிலை எழுதின மற்றாக்கள் என்ன செய்யினம்?" என்று கேட்டார். உடனே எல்லாருக்கும் போன் எடுத்தேன். இரண்டு பேர் அப்போதுதான் தேன் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் பொன்னுத்துரை அண்ணை போனில் போட்ட சத்தம் பக்கத்து மேசைக்கும் கேட்டது. "பிள்ளை! பிஞ்சு விழேல்லை, பருக்குது!"

புதிதாக வேலைக்கு வரும் போதனாசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். வகுப்பு முடிய, "விளங்கினதோ?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓம் என்பார்கள். "நாளைக்குக் காலமை என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேளுங்கள்.