பந்தை விட்டே ஓட்டம் எடுத்த டக்ளஸ்

கொலோன் தமிழ்ச் சங்கத்துக் கிரிக்கெற் ரீமில் யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வி வந்தால் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. டக்ளஸ் இருந்தாரே! மன்னாரில் பிறந்து, கொலோனில் ட்ராம் திருத்தும் பட்டறையில் வேலை செய்யும் இந்த மனிதருக்கு, நல்ல பந்து எது கெட்ட பந்து எது என்று பார்க்கும் கண் இருந்தது. அடிக்கும் கைதான் இல்லை. கெட்ட பந்துக்கெல்லாம் மரியாதையாக வழிவிடுவார். ஓவர் முடிந்துவிடும். “அண்ணை, நீங்கள் விளையாட வாறியளோ, காவலுக்கு வாறியளோ?” என்று கப்டன் நிருஜன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான். மட்டையை வைத்துவிட்டு வந்தவர்தான், ரோசக்காரர், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பட்டறையில் கூட வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவர் அவரைப் பேஸ்போல் மைதானத்துக்கு இழுத்துப் போனார். இவருடைய குற்றமே அங்கே குணமாகிவிட்டது. எறிபவன் நாலு கெட்ட பந்து எறிந்தால், அடிக்காமல் நின்றவருக்கு முதலாம் தளம் சும்மா கிடைக்கும். பிறகு மற்றவர்கள் அடிக்க, இவர் மூன்று தளமும் சுற்றி, புறப்பட்ட இடமான வீட்டுத் தளத்தைத் தொட்டால், ஓட்டம் ஓடியவர் பெயரில். போன கோடையில் கடைசி ஆட்டம் வந்தபோது, லீக்கில் அதிக ஓட்டம் எடுத்தவர்களில் டக்ளசும் ஓர் அமெரிக்க இளைஞனும் சமமாக முதலிடத்தில் நின்றார்கள். அவனுடைய ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இன்னும் ஒரேயொரு ஓட்டம் எடுத்தால் முதலிடம் டக்ளசுக்கு மட்டும். வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் இன்னொரு பருவம் தாங்காது என்று அவருக்கே தெரியும்.

மனைவி டொறத்திக்கு இந்த விளையாட்டே வெட்கக்கேடு. “மற்றவன் அடிக்க இவர் ஓடுறாராம்” என்று முகத்தைச் சுளிப்பார். சனம் விசாரித்தால், “அவர் ஜிம்முக்குப் போட்டார்” என்று சமாளிப்பார். அன்று பின்னேரம் தங்கை மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. பட்டுச் சேலையும் நகையுமாக மைதானத்து வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தது ஆட்டம் பார்க்க அல்ல, மனுசனைப் பிடித்துக்கொண்டு போக. அவருடைய கோட்டும் சேர்ட்டும் காரில் தயாராகத் தொங்கின.

கடைசி முறை டக்ளஸ் மட்டையோடு நின்றார். மூன்று கெட்ட பந்து போய்விட்டது. நல்ல பந்திலும் இரண்டு போய்விட்டது. இனி வருவது கெட்டதென்றால் முதலாம் தளம். மூன்றாவது நல்லதையும் விட்டால் ஆட்டமிழப்பு. “அடி, அடி!” என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். பந்து வந்தது, முழங்காலுக்கு ஒரு விரற்கடை கீழே. டக்ளஸ் அசையவில்லை. நடுவர் முதலாம் தளத்தைக் காட்டினார்.

அடுத்தவன் அடிக்க இரண்டாம் தளத்துக்கு வந்தார். அதற்கடுத்தவன் பந்தை வேலிப்பக்கம் அனுப்ப, மூன்றாம் தளத்தைத் தொட்டு வீட்டுத் தளத்துப் பக்கம் திரும்பினார். நில் என்று பயிற்சியாளர் இரண்டு கையையும் தூக்கினார். இவ்வளவு காலமும் நின்றது போதுமடா என்று டக்ளசுக்குப் பட்டது. ஓடினார். பந்தும் அதே தளத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“விழுங்கோ! விழுங்கோப்பா!”

டொறத்தியின் குரல். அப்படியென்றால் இவ்வளவு நேரமும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! டக்ளஸ் நெஞ்சு தேயச் சறுக்கி வீட்டுத் தளத்தைக் கையால் தொட்டார். புழுதி அடங்கியபோது நடுவர் இரு கைகளையும் அகல விரித்திருந்தார். ஓட்டம் செல்லும். ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டு டக்ளஸ் குழந்தைப்பிள்ளை போல அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்கு வந்து சேர்ட்டை எடுக்கப் போனார். டொறத்தி கதவைப் படாரென்று சாத்தினார்.

“மாத்த வேண்டாம். இப்பிடியே வாங்கோ.”

“சாமத்தியவீட்டுக்கோ? இந்தப் புழுதியோடயோ?”

“ஓம். ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்.”

மண்டபத்தில் படம் எடுப்பவர் அவரைக் கொஞ்சம் பின்னுக்கு நிற்கச் சொன்னார். டொறத்தி கையைப் பிடித்து இழுத்து, பட்டுச் சேலையில் மண் ஒட்ட ஒட்ட, அவரை முன்வரிசையில் தன்னருகே நிறுத்தினார்.