வியாபார அனுபவம்

“பிஸ்னஸ் எப்படித் தங்கச்சி?” என்று வேனிலிருந்து இறங்குகிற யாராவது கேட்டால், நிரூபா நிமிராமலே பதில் சொல்வாள்: “இது பிஸ்னஸ் இல்ல, கருவாடு.” சிங்களத்தில் கேட்டவருக்குச் சிங்களத்தில் அதையே சொல்வாள். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிப்பதில்லை.

முந்தலில், புத்தளம் போகும் பெருவீதி ஓரத்தில் தகரக் கூரை போட்ட கடை அது. அவளுக்கு இருபத்தேழு வயது. காலையில் உடப்பிலிருந்து தாய் பாக்கியம்மாவோடு ஓட்டோவில் வந்துவிடுவாள். நெத்தலி ஒரு பக்கம், கட்டா ஒரு பக்கம், உடைந்ததெல்லாம் தனிக்கூடையில். யாராவது கருவாட்டை மூக்கருகே கொண்டுபோனால் அவளுக்குப் பொறுக்காது. “மணக்கத்தான் செய்யும், வையுங்கோ” என்று கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிவிடுவாள்.

மழைக்கு முன் எவ்வளவு மீன் வாங்கி உப்பிட்டுக் காயவைப்பது, எப்போது விற்பது என்றெல்லாம் தாய் அவளிடம்தான் கேட்பாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோதே தொடங்கிய வழக்கம் அது.

உயர்தரத்தில், பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசட் புள்ளி மயிரிழையில் தவறியது. புத்தளத்தில் இரண்டு வருட முகாமைத்துவ டிப்ளோமா படித்து, வகுப்பில் முதலாவதாக வந்தாள். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம், டிப்ளோமா முடித்தவர்களில் பத்துப் பேரை வணிகப் பட்டத்தின் மூன்றாம் வருடத்துக்கு நேரே எடுத்தது. விண்ணப்பித்தவர்கள் நானூறு பேர். எழுத்துப் பரீட்சையில் நிரூபா தேறினாள். கூடப் படித்த, மதுரங்குளி ஊர்க்காரி ஷஃபீனாவும் தேறினாள். ஷஃபீனாவுக்குக் கணக்கியல் சொல்லிக்கொடுத்ததே நிரூபாதான்.

நேர்முகப் பரீட்சையில் நடந்ததை, தாய் கடற்கரைக்குப் போயிருந்த ஒரு காலையில், வாடிக்கையாகக் கருவாடு வாங்கப் போகும் எனக்குச் சொன்னாள்.

“மூண்டு பேர் இருந்தாங்க. நடுவில இருந்த மெடம் கேட்டா, வியாபார அனுபவம் ஏதும் இருக்கா எண்டு. நான் இல்லை எண்டுட்டன்.”

“ஏன்?”

“என்ட கை வாடை அந்த ஏசி அறைக்குள்ள வருதோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தன். அம்மா என்ன செய்றா எண்டும் கேட்டாங்க. வீட்டில சும்மா இருக்கிறா எண்டன்.”

அனுபவம் பற்றிய அதே கேள்வியை அடுத்து ஷஃபீனாவிடமும் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் நிரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: “எனக்கென்ன அனுபவம் இரிக்கி? உன்ட கருவாட்டுக் கதையத்தான் சொன்னேன். கூட்டாளி வீட்டில மழைக்கு முந்தி வாங்கி வெச்சு, விலை ஏறக்குள்ள விப்பாங்க, நான் போய்ப் பாத்திரிக்கேன் எண்டு. அந்த மெடம் பேனைய வெச்சிட்டுக் கேட்டாடி!”

ஷஃபீனா ஒன்பதாவதாகத் தெரிவானாள். நிரூபா காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது. பத்துப் பேரில் ஒருவரும் விலகவில்லை. டிப்ளோமாக்காரர் ஒரு தடவைதான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி.

“அவள் ஒரு பொய்யும் சொல்லல்ல” என்றாள் நிரூபா. “அதுதான் எனக்கு ஆறுதில்ல.”

ஷஃபீனா இப்போது கொழும்பில் ஒரு கம்பனியில் இருக்கிறாள். பெருநாள் லீவில் ஊருக்கு வரும்போது கடையடியில் இறங்கி, வட்டிலப்பம் கொடுத்துவிட்டுப் போவாள். நிரூபா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், சுகம் விசாரிப்பாள். கார் மறைந்ததும் பக்கத்து இளநீர்க் கடைக்காரரிடம் அதை அப்படியே நீட்டிவிடுவாள்.

போன கிழமை நான் போனபோது, பாக்கியம்மா எனக்கு நெத்தலி நிறுத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு மகளின் படிப்புக்குப் போனது.

“என்ட பிள்ள எங்கட தொழிலப் பத்தி அவங்களுக்கு வடிவாச் சொல்லியிருப்பா, தம்பி. கருவாட்டுக்காரி மகள் எண்டதும் கழிச்சுப்போட்டாங்க. நீங்க பேப்பருக்கு எழுதுற ஆள்தானே? அந்த ஆக்களப் பத்தி எழுதுங்கோ. எனக்கு வாசிக்கத் தெரியாது. எண்டாலும் எழுதுங்கோ.”

நான் நிரூபாவைப் பார்த்தேன். அவள் தாயின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். நிறுக்காமல் இன்னும் இரண்டு கை நெத்தலியை அள்ளிப் போட்டு, இறுக்கிக் கட்டி, என் முகத்தைப் பாராமல் நீட்டினாள்.